மெலனோமா சிகிச்சையில் ரத்தப் பரிசோதனை எண்கள்: ஒரு வரலாறும் திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசிப்பும்

திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இடது கையில், முழங்கைக்கு அருகே சிறு கட்டி ஒன்று தென்பட்டது. 1949 பிப்ரவரியில் மருத்துவர்கள் அதை அகற்றினார்கள். சில வாரங்களில் மீண்டும் வளர்ந்தது. சார்கோமா என்று தெரியவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு அறுவைச் சிகிச்சைகளும் இடையில் ரேடியம் சிகிச்சையும் நடந்தன. நாட்டு வைத்தியமும் ஹோமியோபதியும்கூடப் பார்த்தார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார்.

நோய் திரும்பிவிட்டது என்பதை அன்று கண்ணும் கையும்தான் சொல்ல முடிந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் போக்கைக் கணிக்க இன்று ரத்தத்தில் அளக்கும் நொதி, புற்றுநோயாளிகளிடம் கூடியிருப்பது தெரியவந்ததே அதற்கு நான்கைந்து ஆண்டுகள் கழித்துத்தான். இன்று முற்றிய மெலனோமாவுக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை பெறுபவர் ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிக்கொள்ளும் முன்பும் ரத்தம் கொடுக்கிறார். மாலையில் சீட்டு வருகிறது. அளவு மீறிய எண்கள் தடித்த எழுத்தில் இருக்கின்றன. வீடே அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்துக் கலங்குகிறது.

அந்தச் சீட்டில் உள்ள எண்கள் பலவும் வேறு நோய்களுக்காகக் கண்டறியப்பட்டவை. நோயெதிர்ப்புச் சிகிச்சையில் அவற்றைப் படிக்கும் முறை பெரும்பாலும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் உருவானது. அதுவும் பெருமளவு ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகளை வைத்து. அதே எண்ணைத் திருவண்ணாமலையில் படிக்கும்போது இந்த வட்டாரத்தின் காய்ச்சலையும் மூலிகையையும் நடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உள்ளங்காலில் வரும் நோய்

நம் நாட்டில் மெலனோமா அரிது; ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. வெள்ளைத் தோலினருக்கு வெயில் படும் இடங்களில் வருவது நமக்கு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இந்த வகைதான். 1981-இல் அவர் இறந்தார். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலில் சுற்றும் ஊரில், உள்ளங்காலில் ஒரு கறுப்புப் படலம் தெரிந்தால் முள் குத்திய வடு, ரத்தக்கட்டு, கால் ஆணி என்று விட்டுவிடுவது எளிது. உள்ளங்காலில் எடை தாங்கும் பகுதிகளில் இந்நோய் அதிகம் வருவதை 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெறுங்கால் நடையே இந்நோயைத் தருகிறது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கவனிக்காமல் விடுவதால் நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பதுதான் நம் கவலை.

எல்டிஎச் நடந்து வந்த பாதை

1954-இல் ஹில், லெவி என்ற இரு ஆய்வாளர்கள் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி கூடியிருப்பதைக் காட்டினார்கள். இதையே நம் ஆய்வுக்கூடங்கள் எல்டிஎச் என்று எழுதுகின்றன. அதே காலத்தில் நியூயார்க்கில் கார்மென், ரோப்லெவ்ஸ்கி, லாட்யூ ஆகியோர் மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்ஜிஓடி என்ற நொதி ஏறுவதைக் கண்டார்கள். இன்று ஈரல் பரிசோதனை என்று நாம் எடுக்கும் எண் இதயத்துக்காகப் பிறந்தது.

மெலனோமாவில் எல்டிஎச் கூடினால் ஆயுள் குறைகிறது என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்தாலும், 2001-இல் சார்லஸ் பால்ச் தலைமையிலான குழு அதை நோயின் கட்டத்தை நிர்ணயிக்கும் விதிக்குள் கொண்டுவந்தது. பரவிய மெலனோமாவில் எல்டிஎச் உயர்ந்திருந்தால், நோய் எங்கே பரவியிருந்தாலும் அது மிக மோசமான பிரிவில் சேரும். 2018-இல் நடைமுறைக்கு வந்த, அந்த விதிகளின் எட்டாம் பதிப்பு இதைச் சற்றுத் தளர்த்தி, நோய் பரவிய இடத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்தில் எல்டிஎச் இயல்பா, உயர்வா என்று தனியாகக் குறிக்கச் சொன்னது. திட உறுப்புகளில் வரும் புற்றுநோய்களில் சாதாரண நொதி ஒன்றுக்கு இத்தனை முக்கியத்துவம் கிடைத்தது அபூர்வம்.

ஆனால் இந்த விதிகள் சிகிச்சை தொடங்கும் நாளின் எண்ணைப் பற்றியவை. சிகிச்சை நடுவே அது ஏறினால் என்ன பொருள்? அந்தக் கேள்வி எழ, முதலில் பலன் தரும் சிகிச்சை ஒன்று வர வேண்டியிருந்தது.

மருந்து மாறியது, கேள்வியும் மாறியது

1891-இல் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, சார்கோமா நோயாளிக்குள் கிருமியைச் செலுத்தி, வரும் காய்ச்சலால் கட்டியைக் கரைக்க முயன்றார். திருவண்ணாமலையில் 1949-இல் அறுவையும் ரேடியமும் தோற்ற அதே இன நோய். கோலியின் வழி பின்னர் மங்கிப்போனது. 1975-இல் அமெரிக்கா ஏற்ற டகார்பசின் மெலனோமாவில் சிறுபான்மையினருக்கே பலன் தந்தது. 1998-இல் ஏற்கப்பட்ட இன்டர்லூகின்-2 சிலரை நெடுநாள் வாழவைத்தாலும் பலரை வாட்டியது.

திருப்பம் 2011 மார்ச்சில் வந்தது. உடலின் நோயெதிர்ப்புச் செல்களான டி-செல்கள் மீது போடப்பட்டிருக்கும் பிரேக்கை விடுவிக்கும் இபிலிமுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2014-இல் பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் வந்தன. இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்தாண்டுகள் கடந்தும் உயிரோடிருந்தார்கள் என்று 2024-இல் வெளியான நீண்டகால ஆய்வு சொல்கிறது. உள்ளங்கால் வகையில் பலன் இதைவிடக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய கீமோதெரபியில் மருந்து கட்டியை நேரே தாக்கியது. இதில் மருந்து உடலைத் தூண்டுகிறது, உடல் கட்டியைத் தாக்குகிறது. சில வேளை தன்னையே தாக்கிக்கொள்கிறது. எனவே ரத்தச் சீட்டில் இரண்டு கதைகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. முதலாவது கட்டியின் கதை. இபிலிமுமாப் பெறும்போது தொடக்க எல்டிஎச் இயல்பின் மேல் எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் நீண்டகாலப் பலன் அரிது என்று 2014-இல் நெதர்லாந்து, பிரிட்டன் நோயாளிகளை வைத்து எழுதினார்கள். 2016 முதல் கவனம் போக்கின் மீது திரும்பியது: தொடக்க அளவிலிருந்து இறங்குகிறதா, ஏறுகிறதா என்பது தனி எண்ணைவிட அதிகம் சொன்னது. அதே ஆண்டு பெம்ப்ரோலிசுமாப் பெற்ற 616 பேரை ஆராய்ந்த பெஞ்சமின் வைடே குழு, ரத்த வெள்ளணுக்களில் லிம்போசைட் விகிதமும் இயோசினோஃபில் விகிதமும் அதிகமாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகக் கண்டது.

ஸ்கேன் குழப்பும் இடத்தில் ரத்தம் உதவிய சான்றும் உண்டு. நோயெதிர்ப்புச் செல்கள் திரண்டு கட்டி முதலில் பெரிதாகத் தெரிந்து, பிறகு சுருங்குவதைப் போலி வளர்ச்சி என்கிறோம். 2018-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வில், முதல் ஸ்கேனில் நோய் வளர்ந்ததாகத் தெரிந்தவர்கள் 29 பேர். அவர்களில் 9 பேருக்கு அது போலி வளர்ச்சி. அந்த ஒன்பது பேருக்குமே ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏ இல்லாமலிருந்தது அல்லது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் அந்தச் சோதனை பிராஃப், என்ராஸ் போன்ற மரபணு மாற்றங்களைத் தேடியது. உள்ளங்கால் மெலனோமாவில் பிராஃப் மாற்றம் குறைவு. அங்கே அதே வலையை வீசினால் பலரிடம் ஒன்றும் அகப்படாது.

இரண்டாவது கதை உறுப்புகளுடையது. ஈரல் நொதியான எஸ்ஜிபிடி ஏறினால் மருந்து ஈரலைத் தொட்டிருக்கலாம். மேல் எல்லையின் மூன்று மடங்கு வரை முதல் நிலை, ஐந்து வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் கடுமை என்று கணக்கிட்டு, மருந்தை நிறுத்துவதா, ஸ்டீராய்டு தொடங்குவதா என்று முடிவெடுக்கிறார்கள். தைராய்டில் முதலில் டிஎஸ்எச் இறங்கும். சில வாரங்களில் தலைகீழாகி மேலே ஏறும். முதல் சீட்டை மட்டும் பார்த்து மாத்திரை எழுதினால் தவறாகிவிடும். சோடியம் குறைந்து, களைப்பும் தலைவலியும் இருந்தால் கார்டிசால் பார்க்க வேண்டும். பிட்யூட்டரி சுரப்பி வீங்கியிருக்கலாம். சர்க்கரை திடீரென ஏறினால் அதைக் குடும்பச் சர்க்கரை என்று தள்ளிவிடக் கூடாது.

இங்கே படிக்கும்போது

மேலே சொன்ன இயோசினோஃபில் மேற்கில் நல்ல சகுனம். நம் கிராமங்களில் அது கூடினால் முதலில் கேட்க வேண்டியது வயிற்றுப் பூச்சியைப் பற்றி. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு உடலில் இருக்க, பக்கவிளைவு என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் அது உயிருக்கே கேடாகும். காசநோயும் ஹெபடைடிஸ் பி-யும் மறைந்திருக்கின்றனவா என்று முதல் ஊசிக்கு முன்பே பார்த்துவிடுவது இங்கே கட்டாயம்.

மழைக்காலம் முடிந்த மாதங்களில் காய்ச்சலோடு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறி, தட்டணுக்கள் குறைந்தால், அது மருந்தின் வேலையா? வேலூரைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் நன்கு அறியப்பட்ட காய்ச்சல். அதற்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று 2023-இல் நிறுவிய ஆய்வுக்குத் தலைமை தாங்கியதே வேலூர் சிஎம்சி. இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் புண் இருக்கிறதா என்று உடையை விலக்கிப் பார்ப்பது எந்தக் குறியீட்டுச் சோதனைக்கும் முன்னால் வர வேண்டும். டெங்குவும் இதே எண்களைத்தான் மாற்றும்.

மூலிகை அடுத்தது. மஞ்சள்காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் வீடுகளின் முதல் மருந்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-இல் லான்செட் இதழில், கீழாநெல்லி பெற்ற ஹெபடைடிஸ் பி தாங்கிகள் 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக எழுதியது; பின்னால் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. எது எப்படியானாலும் அது கிருமித் தொற்றைப் பற்றிய ஆய்வு. சொந்த நோயெதிர்ப்பே ஈரலைத் தாக்கும்போது கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்தினால், ஸ்டீராய்டு தொடங்க வேண்டிய நேரம் போய்விடும். சீந்தில் இன்னும் கவலைக்குரியது: கொரோனா காலத்தில் அதைத் தொடர்ந்து குடித்தவர்களுக்குத் தன்னெதிர்ப்பு வகை ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். நோயெதிர்ப்பு மருந்தும் சீந்திலும் ஒரே உடலில் இருந்தால் ஈரல் எண் ஏறியதற்கு எதைக் குற்றம் சொல்வது?

பிறகு நடை. பழக்கமில்லாதவர் 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு ஓரிரு நாளில் ரத்தம் கொடுத்தால் தசை நொதியான சிகே ஏறும். கூடவே எஸ்ஜிஓடியும் எல்டிஎச்சும் ஏறக்கூடும். நோயெதிர்ப்பு மருந்துகள் அரிதாக இதயத் தசையைத் தாக்கும்போது ஏறுவதும் சிகே-தான். அப்போது ட்ரோபோனினும் ஈசிஜியும் பார்த்தாக வேண்டும். பௌர்ணமிக்கு நடந்ததை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் வீண் கலக்கம். நடைதான் காரணம் என்று தாமே முடிவு செய்தால் ஆபத்து.

எல்லாவற்றிலும் சிறியதாகத் தோன்றி அதிகம் குழப்புவது ரத்தம் எடுக்கும் புட்டி. கையை இறுக்கக் கட்டி, மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் செவ்வணுக்கள் உடையும். சுழற்றிய பிறகு வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும். செவ்வணுவுக்குள் இருக்கும் எல்டிஎச் சீரத்தில் உள்ளதைவிட நூறு மடங்குக்கும் மேல். ஆகவே கட்டி வளராமலேயே எண் வளரும். சென்னைக்கு அனுப்பும் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்தால் இந்த நொதியின் சில வகைகள் சிதைந்து, எண் பொய்யாக இறங்கவும் செய்யும். ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் முறைகளும் இரண்டு: ஒன்றில் மேல் எல்லை 250-ஐ ஒட்டி இருக்கும், மற்றதில் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. இங்கே எடுத்த 240-ஐயும் வேறிடத்தில் எடுத்த 430-ஐயும் பக்கத்தில் வைத்து நோய் பெருகிவிட்டது என்று அழுத குடும்பத்துக்கு, இரண்டுமே இயல்பு என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மருந்தின் விலை இன்னும் பெரும்பாலானோருக்கு எட்டாதது. தலை, கழுத்துப் புற்றுநோயில் வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்ததில் ஓராண்டு உயிர்வாழ்வு 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்ததை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2022-இல் காட்டியது. மெலனோமாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் குறைந்த அளவால் மருந்து மாவட்டங்களை எட்டும்போது, சீட்டைப் படிக்கும் பொறுப்பும் மாவட்ட மருத்துவர்களிடம் வரும். 2013-இல் தொடங்கிய திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்கள் அதற்கு இப்போதே ஆயத்தமாக வேண்டும்.

சிகிச்சை பெறுபவர்களுக்கும் வீட்டாருக்கும்: முதல் ஊசிக்கு முன் எடுத்த சீட்டைப் பத்திரமாக வையுங்கள், எல்லாச் சீட்டையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் சேருங்கள், இயன்றவரை ஒரே ஆய்வுக்கூடத்தில் ரத்தம் கொடுங்கள். குடித்த கஷாயத்தையும் நடந்த கிரிவலத்தையும் வந்த காய்ச்சலையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தடித்த எழுத்தில் ஒரு எண் வந்தால் அதே வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அதற்குமுன் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், தொடங்காதீர்கள்.