ஒன்பது பொதிகளும் ஒரு பெயரும்

பாடசாலைக் கட்டட நிதிக்கெனச் செல்வர் வீட்டு விறாந்தையில் காத்திருந்த அநுபவம் என்னைப் போன்ற அதிபர்மார் பலருக்கும் உண்டு. கேட்பவன் மனம் படும் பாட்டை நாம் அறிவோம். கொடுப்பவர் உள்ளத்தில் நிகழ்வதை முற்றாக அறியோம். இவ்விரண்டையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டிலே உண்டு. அந்த நன்கொடையின் செல்வம் திரண்ட இடமோ நமக்கு அண்மையிலுள்ள சென்னைக் கோட்டையாகும்.

1701ஆம் ஆண்டு கொனெற்றிக்கட் குடியேற்ற நாட்டிலே குருமார் சிலர் கூடிக் கல்லூரி ஒன்றை நிறுவினர். அதற்குத் தனிப்பெயர் இல்லை. போதிய பணமும் இல்லை. எவ்வூரில் அமைப்பது என்பதிலும் தர்மகர்த்தாக்களிடையே பிணக்கு நீடித்தது. 1716இல் நியூ ஹேவன் நகரைத் தெரிந்தனர். ஆங்கு எழும்பிய மரக்கட்டடத்தை நிறைவு செய்வதற்குக் கையிருப்புப் போதவில்லை.

அக்காலத்தில் அக்குடியேற்ற நாட்டின் முகவராக இலண்டனில் இருந்தவர் ஜெரமையா டம்மர். நன்கொடை நாடுவோர் யாவரும் அறிந்திருக்கவேண்டிய மனிதர் இவர். 1711இலேயே அவர் ஊருக்கு எழுதிய கடிதத்தில், சென்னைக் கோட்டையின் முன்னாள் ஆளுநர் யேல் என்பார் பெருஞ்செல்வர் என்றும், ஆண் சந்ததி இல்லாமையால் உறவினன் ஒருவனை வாரிசாக்க அழைக்கிறார் என்றும், ஒக்ஸ்போட் கல்லூரி ஒன்றுக்கு அறம் செய்ய எண்ணுகிறார் என்றும் குறித்தார். அந்த அறத்தை நம் கல்லூரிப் பக்கம் திருப்பலாகாதா என்பது அவர் நினைவு.

எலிஹு யேல் 1649இல் பொஸ்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அந்நாட்டை நீங்கியவர். 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னை வந்து, 1687இல் ஆளுநரானார். தம் பெயரிலே செய்த சொந்த வாணிபம் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கிடையே 1692இல் பதவி இழந்தார். அவருடைய மகன் தாவீது சிறு பிள்ளையாகவே சென்னையில் இறந்தான். அச்சமாதி பிற்காலத்தில் உயர் நீதிமன்ற வளவாகிய இடத்தில் எழுப்பப்பட்டது.

டம்மர் அவசரப்படவில்லை. முதலிற் பணம் கேளாமல் நூல்களைக் கேட்டார். 1714இல் அவர் திரட்டி அனுப்பிய நூல்களுள் நியூட்டன் அளித்தவையும் இருந்தன. யேல் அளித்த முப்பதுக்கு மேற்பட்டவையும் இருந்தன. பெரிய கொடையை விரும்புவோர் சிறிய கொடையொன்றை முதலில் ஏற்றுப் போற்றுவது நல்ல முறை என்றே நான் கருதுகின்றேன். ஆயினும் யேலுக்கு ஓர் ஐயம் எழுந்தது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த தாம், அச்சபையினின்று பிரிந்தவர்களின் கலாசாலைக்குப் பொருள் ஈவது தகுமோ என வினவினார். அதனைத் தீர்ப்பதிலும் டம்மர் பொழுது செலவிட்டார்.

1718இல் கொட்டன் மேதர் என்ற பொஸ்டன் நகரக் குரு யேலுக்கு நேரே கடிதம் எழுதினார். அவர் அக்கல்லூரியின் தர்மகர்த்தா அல்லர். அதன் பெயரை விலைபேச அவருக்கு எவரும் உரிமை அளித்ததாகவும் தெரியவில்லை. எனினும், நியூ ஹேவனில் எழும் கல்லூரி யேலின் பெயரைத் தாங்குமாயின் அது புதல்வர் புதல்வியரால் நிலைக்கும் பெயரினும் மேலானது, எகிப்தியப் பிரமிட்டினும் சிறந்த நினைவுச்சின்னம் என்று அவர் கருத்து விரிந்தது. மகனை இழந்த ஒருவர் இவ்வரிகளை எவ்வாறு படித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

யேல் அனுப்பியவை ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜோர்ஜ் மன்னரின் ஓவியமும் ஆகும். பொதிகளில் காலிக்கோ, மஸ்லின் முதலிய துணிகள் இருந்தன. அவை பொஸ்டனில் விற்கப்பட்டு 562 பவுண் 12 சிலிங் கிடைத்தது. 1718 செப்டெம்பரில் பட்டமளிப்பு நாளன்று புதிய கட்டடத்துக்கு யேல் கல்லூரி என்று பெயரிடப்பட்டது. காலப்போக்கில் கல்லூரி முழுவதற்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. அவர் மேலும் தருவதாகக் கூறியவை முழுமையாகக் கல்லூரியை வந்தடையவில்லை. 1721இல் அவர் காலமானார்.

பெயரைக் கொடுத்துப் பொருள் பெறும் வழக்கத்தை யாழ்ப்பாணமும் கண்டிருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்க மிஷனரிமார் நடத்திய விடுதிப் பாடசாலைகளில், கடல் கடந்த ஒருவர் பிள்ளையொன்றின் செலவை ஏற்றால் அவர் விரும்பிய பெயர் அப்பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. அங்கே கட்டடம் பெற்றதை இங்கே பிள்ளை பெற்றது. கட்டடம் மறுத்துப் பேசாது. பிள்ளையிடமோ எவரும் கேட்டாரில்லை.

யேலின் செல்வம் எவ்வழி வந்தது என்ற வினா பிற்காலத்திலே எழுந்தது. 1680களில் சென்னைக் கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர். அவ்வணிகத்தை நடத்திய கோட்டைச் சபையில் யேல் அமர்ந்திருந்தார். அடிமை முறையுடன் தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024 பெப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கோரியது. கொடை அளித்ததற்கு அடுத்த ஆண்டளவில் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்றும் அதனிடம் உள்ளது. அதிலே யேல் உறவினரோடு மேசையருகே அமர்ந்திருக்கின்றார். பக்கத்தில், கழுத்திலே பூட்டிட்ட உலோக வளையத்துடன் ஓர் அடிமைச் சிறுவன் நிற்கின்றான். ஆராய்ந்தோர் இதுவரை அவன் பெயரைக் கண்டறியவில்லை.