கொட்டைப் பருப்பு இருதயத்திற்குப் பகையா?

வாதுமை, முந்திரி, அக்ரோட், நிலக்கடலை ஆகியவற்றின் பெயரைச் சொன்னதும், "அதெல்லாம் ஒரே கொழுப்பு, இருதயத்திற்கு ஆகாது" என்று யாராவது எச்சரிக்க நீங்கள் கேட்டிருக்கலாம். இந்த அச்சம் காரணமற்றதன்று. 100 கிராம் வாதுமையில் ஏறத்தாழ 50 கிராம் கொழுப்புதான்! நிலக்கடலையிலும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. ஆயினும், இவற்றை அளவோடு உண்போரிடம் மாரடைப்பு குறைவாகக் காணப்படுகிறது என்று இன்று மருத்துவர்கள் கூறுகின்றனர். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நேர்ந்தது?

கொழுப்பின் மீது பழி

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொலஸ்டிரால் என்னும் பொருள் படிவதுண்டு. படிவு பெருகப் பெருகக் குழாய் குறுகும். அந்த இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு ஏற்படுகிறது. உணவிலுள்ள கொழுப்புக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்று 1950-களில் அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் வாதிட்டார். 1961-இல் அமெரிக்க இருதயச் சங்கமும் விலங்குக் கொழுப்பைக் குறைக்குமாறு அறிவுறுத்தியது.

கொழுப்பிலும் வகை உண்டு. வெண்ணெயில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு இரத்தத்தில் கொலஸ்டிராலை ஏற்றும். கொட்டைப் பருப்புகளிலும் பெரும்பாலான தாவர எண்ணெய்களிலும் மிகுந்துள்ள நிறைவுறாக் கொழுப்பு அதை இறக்கும். ஆனால் இந்த அறிவுரை மக்களிடம் வந்து சேர்ந்தபோது வேறுபாடு மறைந்து, "கொழுப்பு கெடுதல்" என்ற சொல் மட்டுமே நின்றது. பாவம், கொட்டைப் பருப்பும் அந்தப் பழியில் அகப்பட்டுக்கொண்டது!

எதிர்பாராத விடை

கலிபோர்னியாவிலுள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகத்தினர், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்னும் கிறிஸ்தவ சபையினரை ஆராய்ந்து வந்தனர். அச்சபையினரில் புகைப்பவரும் மது அருந்துபவரும் மிகச் சிலரே. உணவிலோ சிலர் சைவம், சிலர் அசைவம். புகையும் மதுவும் கணக்கைக் குழப்பாமல், உணவின் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

65 வகை உணவுகளைப் பற்றி 1976-இல் அவர்களிடம் கேள்வித்தாள் மூலம் விவரம் கேட்கப்பட்டது. பிறகு 31,208 பேரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கேரி ஃபிரேசரும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. வாரத்தில் நான்கு முறைக்கு மேல் கொட்டைப் பருப்பு உண்டவர்களுக்கு, வாரம் ஒரு முறைகூட உண்ணாதவர்களைவிட இருதய நோய் அபாயம் ஏறத்தாழப் பாதியாக இருந்தது!

ஆனால் வாசகர்களே, உடனே கைதட்டிவிட வேண்டாம். கொட்டைப் பருப்பு தின்பவர்கள் வேறு வகையிலும் நலமாக வாழ்பவர்களாக இருக்கலாம் அல்லவா? வயது, உடல் எடை, இரத்த அழுத்தம், உடற்பயிற்சி ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் முடிவு மாறவில்லை என்பது உண்மையே. எனினும் இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

சோதனைக்கு வந்த பருப்பு

ஆகவே அதே பல்கலைக்கழகத்தின் ஜோன் சபாத்தே ஒரு சோதனை நடத்தினார். 18 ஆண்களுக்கு நான்கு வாரம் ஓர் உணவு, நான்கு வாரம் மற்றோர் உணவு. இரண்டிலும் கொழுப்பின் மொத்த அளவு ஒன்றே. ஒன்றில் மட்டும், இறைச்சி முதலியவற்றின் ஒரு பகுதிக்குப் பதிலாக, 20 சதவீதக் கலோரி அக்ரோட்டிலிருந்து கிடைத்தது. 1993-இல் முடிவு வெளியாயிற்று. அக்ரோட் உணவின்போது மொத்தக் கொலஸ்டிரால் சுமார் 12 சதவீதமும், தமனியில் படியும் தீய வகை சுமார் 16 சதவீதமும் குறைந்திருந்தன. கொழுப்பின் அளவு மாறாமலே, வகை மாறியதால் பயன் கிடைத்தது!

இந்தச் சோதனைக்குப் பண உதவி செய்தது கலிபோர்னியா அக்ரோட் வாரியம். எனவே ஐயம் எழுவது இயல்பே. ஐயத்தைப் போக்கப் பிறரும் ஆராய வேண்டியிருந்தது. அமெரிக்கச் செவிலியர் 86,016 பேரை 14 ஆண்டுகள் கவனித்த மற்றொரு குழு, 1998-இல் தன் முடிவை வெளியிட்டது. அதிலும் கொட்டைப் பருப்பை மிகுதியாக உண்டவர்களுக்கு அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

தவறும் திருத்தமும்

அடுத்து ஸ்பெயின் நாட்டில் 7,447 பேரிடம் பெரியதொரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு அந்நாட்டுப் பாணி உணவுடன் நாள்தோறும் 30 கிராம் கொட்டைப் பருப்பு தரப்பட்டது. அவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைந்ததாக 2013-இல் அறிவித்தனர். ஆனால் யார் எந்தப் பிரிவு என்று குலுக்கல் முறையில் பிரித்ததில் சில இடங்களில் விதி மீறப்பட்டிருந்தது பின்னர் தெரிய வந்தது. 2018-இல் ஆய்வாளர்கள் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுபடியும் கணக்கிட்டு வெளியிட்டனர். முடிவு பெரிதும் மாறவில்லை; ஆனால் அதைச் சொன்ன விதத்தில் அடக்கம் கூடியது. தன் தவறைத் தானே தேடித் திருத்திக்கொள்வதே விஞ்ஞானத்தின் வலிமை.

நிலக்கடலையின் இடம்

வாதுமையும் அக்ரோட்டும் விலை உயர்ந்தவை. ஏழைக்கு எட்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி! நிலக்கடலை தாவரவியலின்படி கொட்டையே அன்று. அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் அமெரிக்காவிலும் சீனாவின் ஷாங்காயிலும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவில், நிலக்கடலை உண்டவர்களிடமும் இருதய நோயால் மரணம் குறைவாகவே இருந்தது. அந்த அமெரிக்கர்களில் பெரும்பாலோர் குறைந்த வருமானமுள்ளவர்கள்.

அப்படியானால் வயிறு முட்டத் தின்னலாமா? கூடாது! நாளைக்கு ஒரு பிடி போதும். அதையும் வடை, முறுக்குக்குப் பதிலாக உண்ண வேண்டுமே தவிர, அவற்றோடு சேர்த்தன்று. உப்பு அதிகம் சேர்த்ததைத் தவிர்க்கவும். பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும், அதை எறிந்துவிடுங்கள். கடலை ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது. மருத்துவர் கொடுத்த மருந்துக்கு இது மாற்றும் ஆகாது.

இனி யாராவது "கொழுப்பு கெடுதல்" என்றால், "எந்தக் கொழுப்பு? எவ்வளவு? எதற்குப் பதிலாக?" என்று கேளுங்கள். ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து விடை தேடியது இந்த மூன்று கேள்விகளுக்குத்தான்.