கோரைப்பல் இல்லாத ரத்தக்காட்டேரி: ‘மார்ட்டின்’ படத்தை முன்வைத்து

பேய்ப்படத்துக்கெல்லாம் கட்டுரையா என்று தோழர் ஒருவர் கேட்டார். தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவர். ‘ஆலைய மூடுனதப் பத்தி எழுதுங்க. பேயப் பத்தி எழுதி என்னாகப் போவுது?’ ஆலை நகரம் ஓய்ந்த கதையும் பேய்க்கதையும் ஒன்றாகவே இருக்கிற படம் ஒன்று உண்டு என்றேன். நம்பவில்லை. அன்று அவரிடம் சொல்ல முயன்றதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஜார்ஜ் ரொமீரோ (1940–2017) என்றதும் எல்லோரும் அவருடைய நடைபிணங்களைத்தான் பேசுகிறார்கள். 1968இல் வந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’, அதன் தொடர்ச்சிகள். இவற்றுக்கு நடுவே, 1976 கோடையில், பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய பிராடக் என்னும் ஆலைச் சிற்றூரில், 16 மி.மீ. சுருளில், சொற்பக் காசில் அவர் எடுத்த படம் ‘மார்ட்டின்’. அமெரிக்காவில் 1978இல் திரைக்கு வந்தது. அடுத்து வந்த ‘டான் ஆஃப் த டெட்’டின் ஆரவாரத்தில் அமுங்கிப்போனது. இத்தாலியில் காட்சிகளை மாற்றி அடுக்கி, கோப்ளின் குழுவின் இசையை ஏற்றி, ‘வாம்பிர்’ என்று வேறொரு பெயரில் விற்றார்கள். தன் படங்களில் தனக்கு மிகப் பிடித்தது ‘மார்ட்டின்’தான் என்று ரொமீரோ சொல்லிவந்தார்.

படம் இரவு ரயிலில் தொடங்குகிறது. ஓர் இளைஞன் பெண் பயணி ஒருத்தியின் அறைக் கதவைத் திறக்கிறான். அவன் மனத்துக்குள் ஓடுவது கறுப்பு வெள்ளை: அவள் ஆசையோடு கைநீட்டி வரவேற்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது வண்ணம்: கழிப்பறையில் தண்ணீர் இறங்கும் சத்தம், முகத்தில் களிம்பு பூசிய ஒரு சாதாரணப் பெண். அவனுக்குக் கோரைப்பல் கிடையாது. கையில் மயக்க ஊசியும் பிளேடும். அவள் கடைசிவரை போராடுகிறாள். ரத்தம் குடித்து முடித்தவன், அவள் தற்கொலை செய்துகொண்டதுபோலத் தெரியும்படி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டு இறங்கிப்போகிறான். இந்த ஒழுங்குபடுத்தலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிராடக்கில் அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகிறவர் கூடா என்ற கிழவர். மளிகைக்கடைக்காரர், உறவில் மூத்தவர். பழைய ஐரோப்பாவிலிருந்து சாமான்களோடு சாபத்தையும் கப்பலேற்றிக் கொண்டுவந்த குடும்பம். இந்தக் குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை ரத்தக்காட்டேரி பிறக்கும் என்பது கூடாவின் நம்பிக்கை. முதலில் உன் ஆன்மாவை மீட்பேன், பிறகு உன்னை அழிப்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். கதவில் வெள்ளைப்பூண்டுச் சரம் தொங்குகிறது. மார்ட்டின் அதில் ஒன்றைப் பிய்த்துக் கடித்துத் தின்கிறான், சிலுவையை எடுத்து முகத்தில் வைத்துக் காட்டுகிறான். மந்திரமெல்லாம் ஒன்றும் கிடையாது என்பது அவன் வாதம். ஆனால் தனக்கு வயது 84 என்று மட்டும் உறுதியாகச் சொல்கிறான்.

இங்கேதான் படம் முக்கியமாகிறது. அவன் நோயாளியா, நிஜமாகவே காட்டேரியா என்று விமர்சகர்கள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பொறியாகத் தோன்றுகிறது. குடும்பம் ஒரு பிள்ளைக்குப் பெயர் சூட்டுகிறது, பிள்ளை அந்தப் பெயருக்குள்ளேயே வளர்கிறது. ஓரிரவு மூடுபனியில் மார்ட்டின் கறுப்பு அங்கியும் போலிப்பல்லும் அணிந்து வந்து கூடாவை நடுங்க வைக்கிறான். பிறகு பல்லைத் துப்பிவிட்டு, இது வெறும் வேஷம் என்கிறான். கிழவரின் சொல்லாடலை அவருக்கே நடித்துக் காட்டுகிற அந்த ஒரு கணம் மட்டும்தான் அவன் சுதந்திரமாக இருக்கிறான் என்று நினைக்கிறேன்.

இனி ஊர். ஆண்ட்ரூ கார்னெகியின் எட்கர் தாம்சன் உருக்காலை இங்கே 1875இல் உற்பத்தியைத் தொடங்கியது. அமெரிக்காவில் கார்னெகி கட்டிய முதல் நூலகமும் (1889) இந்த ஊரில்தான். பக்கத்து ஹோம்ஸ்டெட்டில் 1892இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது கூலிப்படை ஏவப்பட்டதும் அதே கார்னெகியின் நிறுவனத்தில்தான். 1920இல் பிராடக்கின் மக்கள்தொகை 20 ஆயிரத்துக்கு மேல். 1970இல் 9 ஆயிரத்துக்கும் கீழ். 2020இல் 2 ஆயிரம்கூட இல்லை. ரொமீரோ கேமராவோடு போனபோது உருக்குத் தொழிலின் பெருஞ்சரிவு இன்னும் வந்திருக்கவில்லை. ஹோம்ஸ்டெட் ஆலை மூடப்பட்டது 1986இல்தான். ஆனால் பிராடக்கின் கடைத்தெரு அதற்கு முன்பே வெறிச்சோடத் தொடங்கிவிட்டது. வியாபாரம் புறநகர்ப் பேரங்காடிகளுக்குப் போய்விட்டது. அவற்றில் ஒன்று, 1969இல் திறக்கப்பட்ட மன்ரோவில் மால். அடுத்த படத்தில் நடைபிணங்களை ரொமீரோ அலையவிட்டது அங்கேதான். இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்தால் பணம் போன வழி தெரியும்.

படத்தில் இதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் கிடையாது. கூடாவின் பேத்தி கிறிஸ்டினாவின் காதலன் ஆர்தர் ஒரு மெக்கானிக். ஊரில் வேலை இல்லை. இருவரும் ஊரைவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். ஒலிப்பதிவு செய்த டோனி பூபா அந்த ஊர்க்காரர். பின்னாளில் ‘லைட்னிங் ஓவர் பிராடக்’ (1988) எடுத்து அந்த ஊரின் வரலாற்றைத் தானே பேசியவர்.

மூலதனத்தை ரத்தக்காட்டேரியோடு ஒப்பிட்டு மார்க்ஸ் 1867லேயே எழுதிவிட்டார். ஆகவே, உண்மையான காட்டேரி கார்னெகி, மார்ட்டின் அப்பாவி என்று வாசித்துவிடுவது சுலபம். முதல்முறை பார்த்தபோது நான் அப்படித்தான் வாசித்தேன், நண்பர்களிடம் அவனை விளிம்பு மனிதன் என்று கொண்டாடவும் செய்தேன். பிறகு ஒருநாள் ரயில் காட்சியை மட்டும் திரும்பப் பார்த்தேன். மயக்கமருந்து ஏற்றப்பட்டு, உடலும் உயிரும் பறிக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்குப் படம் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. என் கொண்டாட்டத்திலும் அவளுக்கு இடமில்லாமல்தான் இருந்தது. ஒதுக்கப்பட்டவன் தன்னிலும் பலவீனமான உடலைத் தேடிப்போகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லாத விளிம்பு அரசியல் பாதி உண்மை. அதிகாரம் மேலிருந்து மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் பாய்கிறது.

மார்ட்டின் பேசுவதற்கு ஆள் தேடுகிறான். நள்ளிரவு வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசுகிறான். அறிவிப்பாளர் அவனுக்குப் ‘பிரபு’ என்று பட்டம் சூட்டி வேடிக்கை காட்டுகிறார், நேயர்கள் ரசிக்கிறார்கள். அவன் வாக்குமூலத்தை யாரும் தடைசெய்யவில்லை, பொழுதுபோக்காக்கிவிட்டார்கள். சாமான் கொடுக்கப் போகிற வீட்டில் திருமதி சாந்தினி இருக்கிறாள். கணவன் அடிக்கடி ஊரில் இருப்பதில்லை. அவளோடு மார்ட்டினுக்கு உறவு ஏற்படுகிறது. ஊசி இல்லாமல், பிளேடு இல்லாமல் ஒரு பெண்ணை அவன் தொட்டது அங்கேதான்.

ஒருநாள் அவள் குளியல் தொட்டியில் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு சாகிறாள். இது நிஜமான தற்கொலை. கூடா நம்பவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மார்ட்டினின் நெஞ்சில் மர ஆப்பை இறக்குகிறார். செய்த கொலைகளுக்கெல்லாம் தப்பியவன், செய்யாத ஒன்றுக்காகக் கொல்லப்படுகிறான். வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்து, மேலே விதை தூவுகிறார். வானொலியில் நேயர்கள் ‘பிரபு’ எங்கே போனார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோழருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் வெகுநேரம் பேசவில்லை. ஆலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ‘அந்தம்மா ஏன் செத்தாங்கன்னு யாருமே கேக்கலையே’ என்றார். கேட்டிருந்தால் கூடாவுக்கு ஆப்பு தேவைப்பட்டிருக்காது. அந்த வீட்டைப் பற்றியும் கணவனைப் பற்றியும் காலியாகிக்கொண்டிருந்த தெருவைப் பற்றியும் பேச வேண்டி வந்திருக்கும். அதற்குப் பதிலாக ஊருக்கு ஒரு பேய் கைவசம் இருந்தது.