இயந்திர இரைச்சலும் இலேசான பொருள்களும்

மாத்தளையினின்று இறத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் பாதை தேயிலை விளையும் சாரல்களைக் கடந்து செல்கின்றது. மலையுச்சியிற் காற்று முழங்கும். தேயிலைத் தொழிற்சாலையுள் இயந்திரம் முழங்கும். முன்னதை வழிப்போக்கர் சிறுபொழுதே கேட்பர். பின்னதைத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கிற் கேட்பர்.

இம்முழக்கம் தேயிலையுடன் பிறந்ததன்று. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்ட காலத்திற் கொழுந்து கையினாலேயே உருட்டப்பட்டது. 1872 இல் அவர் உருட்டும் பொறியொன்றை அமைத்தார். பின்னர் விசிறிகளும் உலர்த்திகளும் சல்லடைகளும் பெருகின. இரைச்சலும் உடன் பெருகிற்று.

அதனால் விளையும் கேடு புதிதாய் அறியப்பட்டதன்று. 1886 இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் தோமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தார். அவருட் குறையற்ற செவியுடையார் ஒருவரேனும் இலர். எட்டு மணி நேர வேலைக்கு 85 தெசிபெல் என்பதே இன்று பல நாடுகள் கொண்டுள்ள எல்லையாகும்.

ஒலியை அடக்கப் பண்டுதொட்டு அறிந்த வழி கனத்த சுவரே. சுவரின் நிறை இரட்டித்தால் ஊடு செல்லும் ஒலி ஏறத்தாழ 6 தெசிபெல் குறையும். ஆயினும், இயங்கும் பொறியைச் சுற்றிக் கற்சுவர் எழுப்புதல் எளிதன்று. வேறு வழி காட்டியவர் ஹாவாட் பல்கலைக்கழக ஆசிரியர் வொலஸ் சபைன். 1895 இல், எதிரொலி மிகுந்த விரிவுரை மண்டபமொன்றைத் திருத்த முற்பட்ட அவர், இருக்கை மெத்தைகளை அங்கே பரப்பி, அவை ஒலியை உறிஞ்சும் அளவைக் கணித்தார். நுண்டுளைகளிற் புகும் காற்று நாருடன் உராய, ஒலி வெப்பமாக மாறுகின்றது. 1920 களில் அமெரிக்கர் கரும்புச் சக்கையினின்றும் ஒலியுறிஞ்சும் பலகை செய்தனர். கல்நாரும் பயன்பட்டது, அதன் தூசு புற்றுநோய் விளைத்தலின் பல நாடுகள் அதனை விலக்கின.

இலங்கைக்கு இயல்பாய் வாய்த்த நார் தென்னந்தும்பு. இறப்பர்ப்பால் தெளித்து இறுக்கிய தும்புத் தகடு கூரிய ஒலியை நன்கு உறிஞ்சும். தாழ்ந்த ஒலிக்கோ தடிப்பு மிகுதல் வேண்டும், அன்றிப் பின்னே காற்றிடைவெளி வேண்டும். ஆயினும், உறிஞ்சுதல் வேறு, தடுத்தல் வேறு. தும்பு மாத்திரம் ஒலியை வெளியே செல்லாது தடுக்கமாட்டாது. புறத்தே உலோகத் தகடும் அகத்தே தும்பும் அமைந்த கூடே இரண்டையும் செய்யும். வெப்பம் வெளியேற வழியும், தீயினின்று காப்பும், நார் தேயிலையிற் கலவாதபடி உறையும் அதற்கு இன்றியமையாதன.

தேயிலை நாட்டுக்குப் பொருட்செல்வம் தருவது. அதனை ஈட்டுவோர் செவிச்செல்வத்தை இழத்தல் முறையன்று.