வேடர் வில்லும் ஊதுகுழலும்

வெருகல் வட்டாரத்தில் ஒரு வகுப்பறை. போர்ணியோத் தீவின் வேட்டுவன் ஒருவன் நீண்ட ஊதுகுழலை வாயில் வைத்து, மரக்கிளையைக் குறிபார்க்கும் படத்தை மாணவர்க்குக் காட்டினோம். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்: “சேர், எங்கட வேடரிட்ட இது இல்லையே. இதைச் செய்யிற அறிவு அவங்களுக்கு இல்லையா?” வகுப்புச் சிரித்தது. வேடர் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவ்வினாவுக்கு விடை கூறுவது நம் கடனாயிற்று.

ஊதுகுழலின் அம்பு மிக மெல்லியது. மூச்சின் வலிமையாற் செல்வது. அதன் காயம் விலங்கைக் கொல்லாது; அம்பு நுனியிற் பூசிய நஞ்சே கொல்லும். மலாயாவிலும் போர்ணியோவிலும் அந்நஞ்சைத் தருவது ஈப்போ மரத்தின் பால். மலேசியாவின் ஈப்போ நகரம் பெயர் பெற்றதும் அம்மரத்தாலேயே. வானளாவிய மழைக்காட்டின் உச்சியில் வாழும் குரங்கையும் பறவையையும் ஓசையின்றி வீழ்த்த அக்கருவியே ஏற்றது. தமிழகத்திலும் ‘சுங்குத்தான்’ என்ற பெயரில் ஊதுகுழல் வழங்கிற்று. ‘சும்பித்தான்’ என்னும் மலாய்ச் சொல்லோடு அதனை ஒப்பிட்டால், கடல்வழி உறவின் சுவடு புலப்படும். தென்னிந்திய ஊதுகுழல், வளரி முதலியவற்றை ஆராய்ந்து ஜேம்ஸ் ஹோர்னெல் 1924இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

வெருகற் காடோ வேறு வகையானது. மகாவலியின் கிளையான வெருகல் ஆறு கடலோடு கலக்கும் இவ்வுலர்நிலத்தில் மரங்கள் உயரங் குறைந்தவை, புதர்கள் மிகுந்தவை. மானும் மரையும் பன்றியும் நிலத்தில் நடமாடும். அவற்றை நெருங்கி வீழ்த்த வேண்டியது அகன்ற இரும்பலகு பொருத்திய அம்பு. அதற்கு ஆளுயர வில். இலங்கை வேடர் அதனையே கைக்கொண்டனர். கடற்கரைக்கு வந்த வேடரோ மீன்பிடியையும் கற்றுத் தேர்ந்தனர்.

இன்னொன்றையும் கருதுக. ஈப்போ மரத்தின் இனம் இலங்கையிலும் உண்டு. சிங்களத்தில் அதனை ‘ரிட்டி’ என்பர். அங்கே அம்பு நஞ்சைத் தந்த மரத்தின் பட்டையை உரித்து, இங்கே வேடர் உடையும் பையும் செய்தனர். மரத்தை அறியாதவர் அல்லர்; தம் தேவைக்கேற்ப அறிந்தவர்.

அவர்கள் உலகோடு தொடர்பற்றவரும் அல்லர். வெருகலுக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்தில் 1660இற் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டு கண்டி அரசிற் கழித்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியைக் குறிக்கிறார். அம்பலகு வேண்டிய வேடர், இரவிற் கொல்லனின் பட்டறைக்கு இறைச்சியைக் கொணர்ந்து, வேண்டிய வடிவில் வெட்டிய இலையையும் உடன் தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். வேட்டுவன் உழைப்பும் கொல்லன் உழைப்பும் அந்த ஓரிலையில் ஒப்பந்தம் செய்துகொண்டன!

அவ்வொப்பந்தம் எவ்வாறு முறிந்தது? 1937இல் குடியேற்ற ஆட்சி கொண்டுவந்த வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. விடுதலைக்குப் பின்னும் அப்போக்கு மாறவில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, உள்நாட்டு வேடர் தம் வேட்டைக் காட்டை இழந்தனர். விலங்கைக் காப்பது வேண்டியதே. ஆயினும் காட்டை அழித்தவன் வில்லேந்தியவன்தானா என்று எவரும் கேட்டிலர்.

கணக்கேடும் அவர்களைக் கைவிட்டது. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 5,332 பேராயிருந்த வேடர், 1953இல் 803 பேராயினர். அத்தனை பேரும் மாண்டுவிடவில்லை. பலர் சிங்களவரென்றும் தமிழரென்றும் எழுதப்பட்டனர். தமிழ் பேசும் கரையோர வேடர் வெருகலிலும் மூதூர்க் கிழக்கிலும் இன்றும் வாழ்கின்றனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2006இல் மூண்ட போரும் இப்பகுதி மக்களை அலைக்கழித்தன. கடலிலும் பிறர் வயலிலும் உழைத்து, காட்டுத் தேன் எடுத்து அவர்கள் வாழ்கின்றனர்.

மறுநாள் வகுப்பில் நாம் சொன்ன விடை இதுவே: கருவி அறிவின் அளவுகோல் அன்று, அது நிலத்தோடும் உழைப்போடும் மனிதன் கொண்ட உறவின் சாட்சி. ஊதுகுழல் இல்லாமை வேடரின் குறையன்று. அவர்தம் வில்லுக்குரிய காட்டைப் பறித்துவிட்டு, வெறுங்கையரென்று நகைப்பதே நம் குறை.

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. தலைகுனிந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து, தன் பாட்டனார் வில்லுக்கு நாண் திரித்த முறையைச் சொல்லத் தொடங்கினாள். நாம் கரும்பலகையை விட்டு விலகி, மாணவரோடு அமர்ந்து கேட்டோம்.