யார் சொன்னால் நடக்கும்?

ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் காகிதம், பென்சில், சில பகடைகள். நால்வருக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம்: ஒருத்தி வாள்வீரி, ஒருவன் திருடன், இன்னொருவர் மந்திரவாதி. ஐந்தாமவருக்குத் தனியாகப் பாத்திரம் கிடையாது. மீதி உலகம் முழுவதும் அவருடையது. "கதவைத் தள்ளுகிறேன்" என்று வாள்வீரி சொன்னால், கதவு திறந்ததா, உள்ளே என்ன இருந்தது, அது அவளை என்ன செய்தது என்பதையெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். ரோல்பிளேயிங் கேம் எனப்படும், பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் அடிப்படை இவ்வளவுதான். அந்த ஐந்தாமவரை கேம் மாஸ்டர் என்பார்கள். இக்கட்டுரையில் நடத்துநர் என்கிறேன். பேருந்து நினைவுக்கு வந்தால் நல்லதுதான். வண்டி நிற்பதும் கிளம்புவதும் அவருடைய விசிலில்தானே இருக்கிறது!

இந்த ஆட்டத்தை எப்படி நடத்துவது என்று பலரும் வகைப்படுத்தியிருக்கிறார்கள். 1980இல் கிளென் பிளாகோ என்பவர் ஆடும் முறைகளை நான்காகப் பிரித்தார்: பலம் சேர்ப்பது, போர்த்தந்திரம், பாத்திரமாக வாழ்வது, கதை சொல்வது. பயனுள்ள பிரிவினைதான். ஆனால் அது ருசியைப் பற்றிப் பேசுகிறது. அதிகாரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பெண் பாத்திரம் சிறைபிடிக்கப்படுகிறது, அவமதிக்கப்படுகிறது, வன்முறைக்கு ஆளாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நடந்ததாக யார் முடிவு செய்கிறார்கள்? அந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கும் பெண் "வேண்டாம்" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மேசையில் என்ன மதிப்பு? இந்தக் கேள்வியோடு படித்தால் ஆட்டம் நடத்தும் பாணிகளின் வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது.

படைமுகாமிலிருந்து நிலவறைக்கு

நடத்துநரின் நாற்காலி இராணுவத்திலிருந்து வந்தது. பிரஷ்யாவில் 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, படை அதிகாரிகளின் பயிற்சிக்காக 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். ஆடுபவர்கள் கட்டளைகளை எழுதித் தருவார்கள். நடுவர் வரைபடத்தில் கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி, விளைவை அறிவிப்பார். எதிரி எங்கே இருக்கிறான் என்ற முழுச் சித்திரமும் அவருக்கு மட்டுமே தெரியும். விதிகளும் அட்டவணைகளும் சுமையாகத் தோன்றியபோது, 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அவற்றை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்றார். புத்தகத்துக்குக் கட்டுப்பட்ட நடுவர், தன் அனுபவத்துக்கு மட்டும் கட்டுப்பட்ட நடுவர் என்ற இரு பாணிகளும் அங்கேயே பிறந்துவிட்டன. இரண்டிலும் கட்டளைக்குப் பழகிய ஆண்களே மேசையைச் சுற்றி இருந்தார்கள்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1969இல் டேவிட் வெஸ்லி நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தில், ஆடுபவர்களுக்குப் படைப்பிரிவுகளோடு தனி மனிதர்களின் பாத்திரங்களும் கிடைத்தன. அதில் ஆடிய டேவ் ஆர்னெசன் 'பிளாக்மூர்' என்ற கற்பனை உலகை உருவாக்கி நடத்தினார். அவரும் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் வெளியிட்டதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. முதல் அச்சு 1000 பிரதிகள். அதில் நடத்துநருக்குப் பெயர் இன்னும் 'நடுவர்'தான். ஓரிரு ஆண்டுகளில் 'டன்ஜன் மாஸ்டர்' என்ற பெயர் நிலைத்தது. நடுவர் நிலவறையின் எஜமானர் ஆனார்.

அந்த எஜமானருக்கான கையேட்டை கைகாக்ஸ் 1979இல் எழுதினார். தொல்லை தரும் ஆட்டக்காரரை என்ன செய்வது என்பதற்கு அதில் யோசனைகள் உண்டு. வெளியேற்றுவதற்கு முன்பு, அவருடைய பாத்திரத்தின் தலையில் வானத்திலிருந்து நீல மின்னலை இறக்கலாம். அதன் கவர்ச்சி மதிப்பை நிரந்தரமாகக் குறைக்கலாம். பாதி வேடிக்கையாகவே எழுதியிருக்கலாம். ஆனாலும் மேசையில் ஒருவரோடு எழும் மனத்தாங்கலுக்கு அவருடைய பாத்திரத்தின் உடலைத் தண்டிக்கலாம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

அதே கையேட்டில், நகரத்தில் எதிர்ப்படும் பாலியல் தொழிலாளி எப்படிப்பட்டவள் என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்க ஒரு அட்டவணை இருக்கிறது. இழிசொற்களாலான 12 வகைகள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஆட்டக்காரர் கையேடு, பெண் பாத்திரங்களின் வலிமைக்கு ஆண்களைவிடக் குறைவான உச்சவரம்பை விதித்தது. நெருப்பு கக்கும் டிராகனை நம்பச் சொல்லும் விளையாட்டுக்கு, வலிமையான பெண்ணை நம்புவதுதான் சிரமமாக இருந்திருக்கிறது! 1976இல் 'தி டிராகன்' இதழில் வந்த, அதிகாரபூர்வமல்லாத ஒரு கட்டுரை, பெண் பாத்திரங்களுக்குக் கவர்ச்சிக்குப் பதிலாக 'அழகு' என்ற மதிப்பெண்ணைப் பரிந்துரைத்தது. ஆக, மேசைக்கு வந்த பெண்ணுக்கு விதியில் ஒரு வரம்பு, அட்டவணையில் ஒரு இழிவு, இரண்டுக்கும் மேலே அவர் வைத்ததுதான் சட்டம் என்று ஒரு எஜமானர்.

மேசையில் இருந்த பெண்கள்

பெண்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் 1975 ஜூனில் 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். பங்களிப்பவர்கள் தங்கள் பக்கங்களை அனுப்புவார்கள். அவர் தொகுத்து எல்லோருக்கும் அனுப்புவார். நேற்று என் மேசையில் இது நடந்தது, நீங்களாக இருந்தால் என்ன தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள் என்று நடத்துநர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட இடம் அது. கைகாக்ஸே அதில் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 50 ஆண்டுகள் லீ கோல்ட் அதை நடத்தினார். ஆட்டம் நடத்துவதைப் பற்றிய சிந்தனை வளர்ந்ததற்குப் பின்னால், தொகுப்பதும் தபாலில் சேர்ப்பதுமான இந்த ஓயாத உழைப்பு இருக்கிறது. வரலாறு எழுதும்போது இதை 'கண்டுபிடிப்பு' என்று யாரும் சொல்வதில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் 1979இல் ஜீன் வெல்ஸை வடிவமைப்புப் பிரிவில் சேர்த்தது. அப்பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவர். 'தி டிராகன்' இதழில் விதிகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதியைத் தொடங்கியவரும் அவரே. ஊரெங்கும் இருந்த எஜமானர்கள் தங்கள் சந்தேகத்தை ஒரு பெண்ணிடம் கேட்டார்கள். அவர் எழுதிய 'பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்' 1981இல் அச்சாகி வந்தவுடன் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது; பெரும்பாலான பிரதிகள் அழிக்கப்பட்டன. ஓவியங்கள் மீதான ஆட்சேபம் அதற்கு ஒரு காரணம். பெண்ணொருத்தி கூந்தலால் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும் காட்சி அவற்றுள் ஒன்று. அதை வரைந்தவரும் ஒரு பெண், லாரா ரோஸ்லோஃப். இந்தச் சிக்கலை நாம் மறைக்க வேண்டியதில்லை. பெண்கள் மேசையில் உட்கார்ந்ததும் மேசையின் மொழி தானாக மாறிவிடுவதில்லை. ஆனால் இழிவான அட்டவணை கொண்ட கையேடு கடைகளில் இருந்தது. ஜீன் வெல்ஸின் புத்தகம் டாம் மோல்ட்வேயால் திருத்தி எழுதப்பட்டுத்தான் மறுபடி வந்தது.

விசில் கைமாறுதல்

1980களில் இன்னொரு பாணி வலுத்தது: கதைசொல்லியாக நடத்துவது. லாரா ஹிக்மனும் டிரேசி ஹிக்மனும் 1983இல் எழுதிய 'ரேவன்லாஃப்ட்', புதையல் தேடும் நிலவறையிலிருந்து நகர்ந்து, சொந்தக் கதையும் நோக்கமும் கொண்ட ஒரு வில்லனை நடுவில் வைத்தது. இந்தப் பாணி மேசைக்கு உணர்ச்சியைக் கொண்டுவந்தது. ஆபத்தும் உண்டு. முடிவு முன்பே எழுதப்பட்டிருந்தால், ஆடுபவர்கள் தண்டவாளத்தில் ஓடும் ரயில் பெட்டிகள்தான்.

1987இல் வந்த 'ஆர்ஸ் மாஜிகா' நாற்காலியில் முறைவைத்து உட்காரலாம் என்றது. 2005இல் எமிலி கேர் பாஸ் நாற்காலியையே எடுத்துவிட்டார். அவருடைய 'பிரேக்கிங் தி ஐஸ்' இருவர் மட்டும் ஆடுவது. ஒரு ஜோடியின் முதல் மூன்று சந்திப்புகளே கதை. தங்களுக்கிடையே உள்ள ஒரு வேறுபாட்டை, உதாரணமாகப் பாலினத்தை, இருவரும் மாற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். நடத்துநரை வைத்துக்கொண்டே அவரைக் கட்டுப்படுத்திய வழியும் உண்டு. வின்சென்ட் பேக்கரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' (2010) நடத்துநர் என்னென்ன செய்யலாம் என்பதற்கே விதி எழுதியது: கதையை முன்கூட்டி முடிவு செய்யாதே, ஆடுபவர்களிடம் கேள்வி கேள். அதன் இரண்டாம் பதிப்பில் மெக்குவே பேக்கர் இணையாசிரியர்.

'வேண்டாம்' என்ற சொல்லுக்கும் ஒரு வடிவம் கிடைத்தது. எதைக் கதையில் கொண்டுவரவே கூடாது, எதைத் திரைக்குப் பின்னால் நடந்ததாக விட்டுவிடலாம் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளும் முறையை ரான் எட்வர்ட்ஸ் 2003இல் எழுதினார். அடுத்த பத்தாண்டில் ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் 'எக்ஸ் கார்டு' என்பதை முன்வைத்தார். எக்ஸ் என்று எழுதிய அட்டை மேசை நடுவில் கிடக்கும். யார் தொட்டாலும் அந்தக் காட்சி விலக்கப்படும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் சொல்லிச் சொல்லியே களைத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நாற்காலியை எடுத்துவிட்டால் அதிகாரம் போய்விடுமா? தலைமையே இல்லாத பெண்கள் குழுக்களிலும் மறைமுகத் தலைமை உருவாகிவிடுகிறது, வெளிப்படையாக இல்லாததால் அதைக் கேள்வி கேட்கவும் முடிவதில்லை என்று 1970களின் தொடக்கத்திலேயே ஜோ ஃப்ரீமன் எச்சரித்தார். நடத்துநர் இல்லாத மேசையிலும் உரத்த குரல்காரர் நடத்துநராகிவிடலாம். கனடாவின் குயர் வடிவமைப்பாளர் அவெரி ஆல்டர் இதைப் புரிந்துகொண்டவர். 2013இல் வந்த அவருடைய 'தி க்வயட் இயர்' ஒரு சிறு சமூகத்தின் ஓராண்டுக் கதை. வாரத்துக்கு ஒன்றாக 52 சீட்டுகள். விவாதம் நடந்தால் ஒவ்வொருவரும் ஒரே ஒருமுறை பேசலாம். தன்னைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள் என்று தோன்றினால், ஒரு வில்லையை எடுத்து எல்லோரும் பார்க்கத் தன் முன்னால் வைத்துக்கொள்ளலாம். மனக்கசப்பு அங்கே மறைவதில்லை. மேசைமேல் எண்ணிப் பார்க்கும்படி கிடக்கிறது.

ஆகவே, நல்ல நடத்துநர் கண்டிப்பானவரா, கதை தெரிந்தவரா, இளகியவரா என்ற கேள்வியோடு நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். அடுத்த முறை எந்த மேசையில் உட்கார்ந்தாலும், அது விளையாட்டு மேசையோ கூட்ட மேசையோ வீட்டுச் சாப்பாட்டு மேசையோ, முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்: இங்கே யார் சொன்னால் நடக்கும்? யார் சொன்னால் நிற்கும்?