தவிட்டுக்கு விதித்த விலக்கு

பெருங்குடலின் சுவரில், ரத்தக் குழாய்கள் ஊடுருவிச் செல்லும் பலவீனமான இடங்களின் வழியே, உட்சவ்வு வெளியே பிதுங்கிச் சிறு சிறு பைகளாக நிற்பதை 1849-இல் தெளிவாக விவரித்தவர் க்ரூவேய்யே என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர். அப்பைகள் அழற்சியுற்று, பெரும்பாலும் இடப்புற அடிவயிற்றில் நோவும் ஜுரமும் காணும் டைவர்ட்டிகுலைட்டிஸ் என்ற வியாதி நெடுங்காலம் அபூர்வமாகவே எண்ணப்பட்டது. அமெரிக்காவில் வில்லியம் மேயோ, நோயுற்ற குடற்பகுதியை அறுத்து நீக்கிய அனுபவத்தை 1907-இல் வெளியிட்டார். பேரியம் கொடுத்து எக்ஸ்-ரே எடுக்கும் முறை பரவிய பிறகோ, மேல்நாடுகளில் முதியவர் பலரிடம் இப்பைகள் இருப்பது தெரியவந்தது.

சக்கையும் விதையும் பைகளில் சிக்கி ரணமாக்கும் என்று வைத்தியர்கள் ஊகித்தார்கள். அவ்வூகத்தை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றாலும், தவிடு, தோல், விதை யாவும் விலக்கப்பட்டு, வெள்ளை ரொட்டியும் வடிகட்டிய கூழுமே பத்தியமென்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் நோயாளிகளுக்கு விதிக்கப்பட்டது. நன்மை நாடிச் செய்த இக்காரியம் எத்தனை பேருடைய உபாதையை நீட்டித்திருக்குமோ என்று நினைக்கையில் மனம் வருந்துகிறது.

உகாண்டாவில் பல்லாண்டு சஸ்திர சிகிச்சை செய்து, அங்குள்ள ஜனங்களிடம் இவ்வியாதி அரிதாயிருப்பதைக் கவனித்த டெனிஸ் பர்கிட்டும், குடலுக்குள் எழும் அழுத்தத்தை அளந்து ஆராய்ந்த நீல் பெயின்டரும், உருளை ஆலைகள் மாவிலிருந்து தவிட்டைப் பிரித்தெடுத்ததே இதற்கு மூலகாரணம் என்று 1971-இல் எழுதினார்கள். சக்கை குறைந்த மலத்தை நகர்த்தக் குடல் இறுகிச் சுருங்குவதால் அழுத்தம் மிகுந்து சவ்வு பிதுங்குகிறது என்பது அவர்களது சித்தாந்தம். மறு வருஷமே பெயின்டர், தவிடு உண்ட நோயாளிகளில் பெரும்பாலோர் குணமடைந்ததாக அறிவித்தார். விலக்கப்பட்ட வஸ்துவே ஔஷதமாயிற்று!

அச்சித்தாந்தம் முழுவதும் நிலைபெற்றுவிடவில்லை. நார்ச்சத்து மிகுதியாக உண்போருக்கும் பைகள் தோன்றுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆயினும் அவர்கள் இந்நோயால் ஆஸ்பத்திரி சேர்வது குறைவு என்பதும் தெரிந்தது. நோய் முற்றியிருக்கும் நாட்களில் திரவ ஆகாரம் கொடுத்துக் குடலுக்கு ஓய்வளித்து, தணிந்தபின் நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே இன்றைய வழக்கம். விதைகளையும் கொட்டைகளையும் பற்றிய பயம் மட்டும் நெடுநாள் நீடித்து, நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடவரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று, அவற்றை உண்டதால் இந்நோய் மிகவில்லை என்று 2008-இல் தெரிவித்த பிறகே தளரத் தொடங்கியது.